தலையில் அணை, வாயில் துறைமுகம்

பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடிவரும் கல்லோயா, கல்முனைக்குத் தெற்கே பதினாறு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் விழுகிறது. நம்மவர்கள் அதைப் பட்டிப்பளை ஆறு என்றார்கள். பெரிய ஆறு என்று சொல்லிவிட முடியாது. மகாவலியோடு வைத்துப் பார்த்தால் சிற்றாறுதான். ஆனால் இந்தச் சிற்றாற்றின் மேல், அறுபது ஆண்டு இடைவெளியில், நாடே பேசிய இரண்டு பொறியியல் வேலைகள் நடந்தன. 1949இல் இங்கினியாகலையில் அணை. 2008இல் ஆறு கடலைச் சேரும் ஒலுவில் பக்கத்தில் துறைமுகம். ஒன்றை வெற்றி என்றும் மற்றதைத் தோல்வி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டுமே திறப்பு விழா நடந்த இடத்தில் வைத்து மதிப்பிடப்பட்டவை என்பதும், அவற்றின் விளைவு போய் முடிந்த இடம் எங்கள் கரையோரம் என்பதும் அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகின்றன.

பொறியியல் சாதனை என்றால் பிரமிட், ரொக்கட், வானைத் தொடும் கட்டடம் என்றுதான் மனம் ஓடும். கிழக்கில் அது மண்மேடாகவும் வாய்க்காலாகவும் இருந்தது. அம்பாறைக்கு அருகே கொண்டவட்டுவான் குளப்பகுதியில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று, நீரிலும் உழவிலும் விதி மீறுவோர் கட்ட வேண்டிய தண்டத்தைச் சொல்கிறது. குளம் கட்டியவனின் புகழைப் பாடுவதைவிட இதுதான் எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது. அணையை ஒருமுறை கட்டினால் போதும். நீரைப் பங்கிடுவது ஒவ்வொரு போகத்திலும் செய்ய வேண்டிய வேலை. அன்றைய ஆட்சி அதைச் சட்டமாகக் கல்லில் வெட்டி வைத்திருந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் தீகவாபியின் பெயரே நீண்ட குளம் என்பதுதான்.

பழைய குளங்களின் நுட்பத்தில் இன்றைய பொறியியலாளர் வியந்து நிற்கும் இடம் மதகு. முப்பது மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரின் மேலும் முப்பது தொன் நீர் அழுத்திக்கொண்டிருக்கும். அதில் பாதி ஆழமென்றாலும், அந்த அழுத்தத்தோடு பாயும் நீரை நேரே திறந்துவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள மண்ணைக் கரைத்து அணையையே கொண்டுபோய்விடும். பண்டைய இலங்கையில் இதற்குக் கண்ட வழி 'பிசோகொட்டுவ' என்னும் கட்டமைப்பு: கட்டின் உட்பக்கத்தில் கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய சதுரக் கிணறு. குளத்து நீர் முதலில் அதற்குள் விழுந்து, வேகம் தணிந்து, பிறகு அடிக்குழாய் வழியே வயலுக்குப் போகும். 1873 முதல் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவின் வால்வுக் கோபுரங்களுக்கு முன்னோடி இதுதான் என்று வாதிட்டார். கலாவெவவிலிருந்து அநுராதபுரம் போகும் ஜய கங்கை வாய்க்காலோ முதல் பதினேழு மைலில் மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே இறங்குகிறது என்பார்கள். தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவி இல்லாத காலத்தில் அந்தச் சரிவை எப்படிப் பிடித்தார்கள் என்பது இன்னும் பேசப்படுகிறது. இந்தப் பழைய வேலைகளை அளந்து மூன்று பாகமாக நூல் எழுதிய ஆர். எல். புரோஹியர், பின்னாளில் கல்லோயா அபிவிருத்திச் சபையில் பணியாற்றினார். பழையதைக் கற்ற ஒருவரின் கை புதியதிலும் பட்டிருக்கிறது.

இடையில் ஆங்கிலேயர் காலம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தும் வேலை அவர் காலத்தில் தொடங்கியது. அந்தச் சட்டம் புதிய முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் இருந்த வழக்கத்துக்கு அரசின் முத்திரையைக் குத்தியது. கிழக்கில் அந்த வழக்கத்தின் முகம் வட்டைவிதானை. எந்தக் கண்டத்துக்கு எந்த நாளில் தண்ணீர், யார் எந்த வரம்பைக் கட்ட வேண்டும், யாருடைய மாடு வேளாண்மைக்குள் இறங்கியது என்பதெல்லாம் அவர் கணக்கு. கரைவாகு வட்டை, சம்மாந்துறை வட்டைகள், நிந்தவூர், அக்கரைப்பற்று வெளிகள் எல்லாம் இப்படித்தான் நடந்தன. போடியாருக்கு நிலம் இருந்தது. நீர் மட்டும் வானத்தின் கையில். மாரியில் வெள்ளம், கோடையில் வெடித்த நிலம். சிறுபோகம் செய்யக் குளத்தடியில் காணி வேண்டும்.

அதை மாற்றியது இங்கினியாகலை. டி. எஸ். சேனாநாயக்க 1931 முதல் விவசாய, காணி அமைச்சராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது நாடு பட்ட பாட்டைக் கண்டவர். பிரதமரானதும் கல்லோயாவைக் கையில் எடுத்தார். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டம் நிறைவேறியது. அமெரிக்காவில் 1933இல் அமைத்த டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபைதான் மாதிரி: ஒரு நதிப் படுகை முழுவதையும், அணை, மின்சாரம், குடியேற்றம், வீதி, பாடசாலை, வைத்தியசாலை என்று எல்லாவற்றோடும் ஒரே சபையின் கீழ் கொண்டுவருவது. அணை கட்ட வந்தது அமெரிக்காவின் மொறிசன்-நட்சன் கம்பனி. கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளின் கூட்டில் அதுவும் ஒன்று. யானைக் காட்டுக்குள் திடீரென்று புல்டோசர்களும் மண் அள்ளும் பெரும் இயந்திரங்களும் இறங்கின. மண்வெட்டியும் கூடையும் தவிர வேறெதையும் குளக்கட்டில் பார்த்திராத தலைமுறைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1950களின் தொடக்கத்திலேயே அணையின் பின்னே நீர் தேங்கத் தொடங்கிவிட்டது.

ஹூவர் அணை கொங்கிரீட். இங்கினியாகலை மண். இரண்டு குன்றுகளுக்கிடையே ஏறக்குறைய 3,600 அடி நீளத்தில், 140 அடி உயரத்தில் எழுப்பிய மண்ணணை. மண்ணால் நீரைத் தடுப்பது கேட்க எளிது. மண்ணணைக்கு இரண்டு எமன்கள் உண்டு. ஒன்று கசிவு. எந்த மண்ணும் நீரை முழுதாகத் தடுக்காது. மெல்ல உள்ளே விடும். அந்த மெல்லிய ஓட்டம் மண்துகளை இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினால் உள்ளுக்குள் குழாய்போல ஓட்டை விழும். அதனால்தான் நடுவில் களிமண் நெருக்கமாக இடித்து இறுக்கப்படும். இருபுறமும் பருமனான மண், கீழ்ப்பக்கத்தில் நீரை மட்டும் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் மணல், சரளை வடிகள். ஒவ்வொரு படை மண்ணையும் ஈரம் பார்த்து, உருளையால் இறுக்கிய பிறகே அடுத்த படை விழும். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் மண் இறுகாது. இரண்டாவது எமன், நீர் அணையின் முகட்டைத் தாண்டி வழிவது. கொங்கிரீட் அணை அதைத் தாங்கக்கூடும். மண்ணணை சில மணி நேரத்தில் அரித்துப்போகும். ஆகவே மிகை நீரை வெளியேற்றும் வான் என்பது மண்ணணைக்கு உயிர்நாடி. குளத்துக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீற்றர். வடகீழ்ப் பருவமழையில் அதில் விழும் நீர் எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்ற கணக்கில் பிழை விட்டால் திருத்த இன்னொரு தடவை கிடைக்காது.

அந்தக் கணக்கு இன்றுவரை நின்றிருக்கிறது. நிரம்பினால் 770,000 ஏக்கர்-அடி, அதாவது ஏறக்குறைய 95 கோடி கன மீற்றர் கொள்ளும், இந்த அணையின் பின்னே உருவான சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் ஆகப் பெரிய நீர்த்தேக்கம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நின்ற நீர் ஓர் ஏக்கர்-அடி. சிறுபோக நெல் ஏக்கருக்கு ஐந்தாறு ஏக்கர்-அடி குடிக்கும் என்று வைத்தால், நிரம்பிய சமுத்திரம் ஒன்றேகால் லட்சம் ஏக்கருக்கு ஒரு போகத்தைத் தாங்கும். கணக்கு காகிதத்தில் இப்படித்தான் அழகாக வரும். 1963இல் அணையடியில் 11 மெகாவாட் மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது. 1954இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு கல்லோயா தேசியப் பூங்காவானது.

இந்த நீருக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் விவரித்த வேடர் குடிகளின் காடுகள் இந்தப் படுகையில்தான் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி நீருக்குள் போனது. வாய்க்கால் கரைகளில் எண்ணிட்ட கொலனிகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது குடும்பம் வரை. குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் வேறு மாகாணங்களிலிருந்து வந்த சிங்களவர்கள். தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் கொலனிகள் ஒதுக்கப்பட்டன. 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டத்தின் சூட்டில், அந்தப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. காணியின் கதை அதோடு முடியவில்லை, இன்னும் நீதிமன்றங்களிலும் கச்சேரிகளிலும் நடக்கிறது. அணை யார் பக்கமும் சாய்வதில்லை என்று பொறியியலாளர் சொல்லலாம். வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்பதைத் தீர்மானித்தது மண்ணின் சரிவு மட்டுமல்ல.

அணை நின்றது, வாய்க்கால் தளர்ந்தது. முப்பது ஆண்டுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் மண் நிறைந்து, கரை சரிந்து, கதவுகள் உடைந்து கிடந்தன. தலைப்பு வயலில் இருப்பவர் தேவைக்கு மேல் எடுத்தார். வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு நீர் வந்தால் அதிசயம். தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைசியில் பல இடங்களில் தமிழர்கள். 1980இல் அமெரிக்க உதவியோடு புனரமைப்புத் தொடங்கியபோது, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒரு விசித்திரமான வேலையைச் செய்தன. கொங்கிரீட்டுக்கு முன்னால் ஆட்களை அனுப்பின. 1981இல் படித்த இளைஞர்கள் ஊர்களில் போய்த் தங்கினார்கள். ஒரே வயல்வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பன்னிரண்டு விவசாயிகளைக் கூட்டிப் பேசவைத்தார்கள். சங்கம் அமை, தலைவரைத் தெரிவு செய் என்று எதையும் திணிக்கவில்லை. முதலில் வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவாக்கினார்கள். பிறகு நீரை முறைவைத்து எடுத்தார்கள். மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். அந்த ஆண்டு சமுத்திரம் கால்பங்கு அளவே நிரம்பியிருந்தது. அப்படியிருந்தும் தலைப்பிலிருந்து கடைசிக்கு நீர் போனது, சிங்களவரின் வயலிலிருந்து தமிழரின் வயலுக்கும் போனது.

இதை நேரில் பார்த்த கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் கல்லோயாவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1997 சிறுபோகத்தில் நீர் போதாது, சிறு பகுதிக்கு மட்டுமே விதைக்கலாம் என்று அதிகாரிகள் கணித்தபோது, விவசாயிகள் நீரைப் பங்கிட்டு முழுப் பரப்பையும் விதைத்து, வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்ததை அவரும் சக ஆய்வாளர் விஜயரட்னவும் பின்னர் பதிவுசெய்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. கல்லோயாவின் மிகப் பெரிய பொறியியல் சாதனை எது என்று என்னிடம் கேட்டால் 140 அடி மண்ணணையைச் சொல்லமாட்டேன். இதைச் சொல்வேன். கொண்டவட்டுவான் தூணில் தண்டம் எழுதியவர்களும் வட்டைவிதானைமாரும் செய்துவந்ததை, ஒரு பெரிய சபையும் ஒரு பெரிய கம்பனியும் தங்கள் வரைபடத்தில் சேர்க்க மறந்திருந்தன.

மறந்தது அது ஒன்று மட்டுமல்ல. வயலுக்கு வரும் நீருக்கு வாய்க்கால் இருந்தது. வயலிலிருந்து கடலுக்குப் போக வேண்டிய நீருக்கு வழி குறைவு. பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரையான எங்கள் ஊர்கள், கடலுக்கும் வயல்வெளிக்கும் நடுவே ஓடும் ஒரு மணல் திட்டின் மேல் தோளோடு தோள் நெருங்கி இருப்பவை. மாரியில் மேற்கேயிருந்து வரும் நீர் இந்தத் திட்டில் வந்து மோதும். தோணாக்கள் என்னும் வடிகால்கள் வழியே அது கடலுக்குப் போகும். மணல் அடைத்திருந்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவது ஊரின் வேலை. வெட்டும் நாள் முந்தினால் உப்புநீர் உள்ளே ஏறும், பிந்தினால் வேளாண்மை அழுகும். அந்த நாளைக் குறிக்கப் பழையவர்களுக்குக் கண் போதும். இன்று சாய்ந்தமருதுத் தோணா குப்பையால் மூச்சுத் திணறுகிறது. தாழ்நிலங்களை நிரவி வீடு கட்டினோம். அதில் பழியை வேறெவர் மீதும் போட முடியாது. கிட்டங்கியில் ஆண்டுதோறும் தாம்போதியை நீர் மூடுகிறது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறை நோக்கிப் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் மௌத்தானார்கள். 95 கோடி கன மீற்றர் நீரைக் கட்டிவைக்கத் தெரிந்த நாட்டில், காரைதீவு - அம்பாறை வீதியில் ஆளுயர வெள்ளத்துக்கு மேலே ஒரு பாலம் அந்த நாளில் இருக்கவில்லை.

இனி ஆற்றின் வாய். ஒலுவில் துறைமுகம் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த 1990களில் பிறந்த கனவு. கனவில் பிழையில்லை. திருகோணமலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே இந்தக் கரையில் அன்று கப்பல் துறைமுகம் எதுவும் இருக்கவில்லை. தென்கிழக்குக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு துறைமுகமும் வேண்டும் என்று அவர் நினைத்தார். 2000இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். டென்மார்க் கடனுதவியோடு, டேனிஷ் கம்பனியான எம்.ரி. ஹோய்கார்ட் 2008இல் கட்டத் தொடங்கி, 2013 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் வரத்து வேரூன்றவில்லை. மணல் வந்தது.

கடற்கரை மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அலை கரையைச் சரிவாக வந்து தொடுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் கரையில் அந்த ஓட்டம் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே. கல் அடுக்கிக் கடலுக்குள் ஓர் அலைதாங்கியை நீட்டினால் தெற்குப் பக்கத்தில் மணல் சேரும். வடக்கே போக வேண்டிய மணல் போகாது. ஆனால் அலை தன் வேலையை நிறுத்தாது, வடகரையிலிருந்து எடுக்கும். ஒலுவிலில் அப்படியே நடந்தது. தென்புறம் மணல் மேடிட்டு, சுற்றி வந்து துறைமுக வாயையும் அடைத்தது. வடக்கே ஒலுவிலின் தென்னந்தோப்புகளும் வீடுகளும் கடலுக்குப் போயின. அரிப்பு நிந்தவூர் வரை ஏறியது. மீனவர்கள் வாயைத் தோண்டித் தாருங்கள் என்றார்கள். கரையை இழந்தவர்கள் துறைமுகத்தையே மூடுங்கள் என்றார்கள். இருவரும் ஒரே சமூகத்தார், அடுத்தடுத்த ஊரார். ஆற்று மணலும் இதில் சேரும்: அணைகள் நீரோடு மணலையும் மறிக்கின்றன. அஸ்வான் பேரணை 1970இல் முடிந்த பிறகு நைல் முகத்துவாரம் கடலிடம் நிலத்தை இழந்ததை உலகம் அறியும்.

எதிர்பாராதது என்று இதைச் சொல்ல முடியாது. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில் கட்டப்பட்டபோது தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரை அரித்தது. அதே வங்கக்கடல், அதே வடக்கு நோக்கிய மணல். நூறு ஆண்டுக்குப் பிறகு, 1980களில், புதுச்சேரியில் அலைதாங்கிகள் எழுந்தன. கடற்கரைச் சாலையின் மணல்வெளி காணாமற்போய்க் கருங்கல் மட்டும் எஞ்சியது. புதுச்சேரித் திட்டத்தில் தெற்கில் சேரும் மணலை அள்ளி வடக்கே கடத்தும் ஏற்பாடு வரைபடத்தில் இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. அண்மையில்தான் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, மணல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. ஆக, ஒலுவிலை வரைந்தவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பாடங்கள் இருந்தன.

ஒலுவில் துறைமுகத்தை உடைத்தெறி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடைத்தால் கரை பழையபடி வந்துவிடாது, ஆழ்கடல் படகுகளுக்கு இருக்கும் ஓரிடமும் போகும். இப்படியே விடலாம் என்பவர்களோடும் இல்லை. செய்ய வேண்டியது, தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கடத்துவது. அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாயும் பம்பும் வைத்து இதை நிரந்தர வேலையாகவே செய்கிறார்கள். ஒருமுறை தோண்டி, அந்த மணலை விற்றுவிட்டுப் போவது கடத்தல் ஆகாது. வடக்கே கொட்ட வேண்டிய மணலை வடக்கேயே கொட்ட வேண்டும். அதற்கான பணம் துறைமுக அதிகாரசபையின் ஆண்டுச் செலவில் நிரந்தர ஒதுக்கீடாக நிற்க வேண்டும்.

அதே கணக்கில் மாவடிப்பள்ளிக்கும் கிட்டங்கிக்கும் வெள்ளத்துக்கு மேலான பாலங்கள், தோணாக்களுக்கு எல்லை அளந்து வேலி, முகத்துவாரம் வெட்டும் நாளைத் தீர்மானிக்க விவசாயியும் மீனவரும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சேர்ந்த ஒரு குழு. இவற்றுக்கு ஹூவர் அணை கட்டிய கம்பனி தேவையில்லை. கரையோரத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாநகர, பிரதேச சபைகளும் அடுத்த பெரிய திட்டத்தைக் கேட்கப் போகும் முன், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.